பகல் முழுக்க வெயில், கணக்கும் நேராகிறது. அப்புறம் ஏன் கிரிட் திணறுகிறது?

சாக்பீஸ் கேட்கிறார்:

வணக்கம். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன் நான். மின்னாக்கி, மின்மாற்றி வரை கரும்பலகையில் தைரியமாக வரைவேன். அதற்குப் பிறகு கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பது எனக்குச் சரியாகத் தெரியாது.

போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ அவ்வளவுக்கும் சோலார் தகடு போட்டுவிட்டால் முடிந்ததுதானே?" ராத்திரிக்கு என்ன செய்வாய் என்றேன். "பேட்டரி" என்றாள். மணி அடித்தது, நான் தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து எக்செலைத் திறந்தேன். மின்தேவை மணிக்கு 1,000 யூனிட், இரவும் பகலும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டேன். நாளொன்றுக்கு 24,000. காலை 6 முதல் மாலை 6 வரை வெயில், அரைச் சைன் அலை வடிவில். அந்த அலையின் பரப்பு 24,000 வர வேண்டுமென்றால் உச்சி எவ்வளவு இருக்க வேண்டும்? 3,142 வந்தது. எங்கேயோ பார்த்த எண்ணாயிற்றே என்று உற்றுப் பார்த்தால், சரியாக ஆயிரம் பை! கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழகு ஒருபுறம் இருக்கட்டும். நண்பகலில் தேவையைவிட மூன்று மடங்குக்கு மேல் உற்பத்தி. அப்போதே நேரடியாகப் பயன்படுவது மொத்தத்தில் 45 விழுக்காடுதான், மீதி 55-ஐ எங்காவது சேர்த்து வைக்க வேண்டும். ஆக, மாணவி சொன்னது சரி, பேட்டரிதான் விடை என்று தோன்றுகிறது.

ஆனால் இதைப் பற்றி எங்கே படித்தாலும் "மின்தொகுப்புக்கு (அதாவது கிரிட்டுக்கு) நெகிழ்வுத்தன்மை வேண்டும்" என்று வருகிறது. சேமிப்புக்கு இன்னொரு பெயர்தானா அது, இல்லை வேறு ஏதாவதா? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

லித்தியம் எழுதுகிறார்:

உங்கள் மாணவிக்கு முழு மதிப்பெண் போடுங்கள் சார். 2024 ஏப்ரலில் ஒரு மாலை கலிபோர்னியாவில் எரிவாயு, அணுமின், நீர்மின் எல்லாவற்றையும் தாண்டிச் சிறிது நேரம் பேட்டரிதான் முதலிடத்தில் இருந்தது. 6,000 மெகாவாட்டுக்கு மேல் கொடுத்தது. பகல் வெயில் மாலையில் வேலை செய்தது, அவ்வளவுதான். ஐந்து வருடம் முன்பு இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. மற்றதெல்லாம் பழைய ஆட்களின் புலம்பல்.

---

இரவு ஷிப்ட் எழுதுகிறார்:

பழைய ஆள் வந்துவிட்டேன். புலம்பலைக் கேளுங்கள்.

28 வருடம் மின்சுமையை நிர்வகிக்கும் மையத்தில் உட்கார்ந்திருந்தவன். லோட் டெஸ்பாட்ச் என்போம். வேலை ஒன்றுதான்: சுவரில் ஃப்ரீக்வென்சி, அதாவது மாறுமின்னோட்டம் விநாடிக்கு எத்தனை சுழற்சி என்ற எண் ஓடும், அதை 50-க்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். தேவை கூடினால் இறங்கும், உற்பத்தி கூடினால் ஏறும். தராசு முள் மாதிரி.

முதலில் ஒன்று. சூரியனும் காற்றும் வந்த பிறகுதான் ஏற்ற இறக்கம் வந்தது என்பார்கள். சும்மா. மின்தேவை எப்போதுமே ஆடிக்கொண்டுதான் இருந்தது. 1990 உலகக் கோப்பை கால்பந்தில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் அரையிறுதி ஆடின. ஆட்டம் முடிந்த கையோடு பிரிட்டனில் எல்லா வீட்டிலும் கெட்டில் போட்டார்கள். 2,800 மெகாவாட் ஒரே தாவலாக ஏறியது. அதற்கென்றே வேல்ஸில் டினார்விக் என்று மலையைக் குடைந்து ஒரு நீரேற்று மின்நிலையம் வைத்திருந்தார்கள், தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் நிலையிலிருந்து 12 விநாடியில் 1,320 மெகாவாட் தரும். அப்போது காற்றாலை ஏது, சோலார் ஏது?

இன்னொன்று, 2020 ஏப்ரல் 5. இந்தியா முழுக்க இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார்கள். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் கை சும்மா இருக்குமா, போனில் ஃப்ரீக்வென்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12,000 முதல் 14,000 மெகாவாட் விழும் என்று எதிர்பார்த்தார்கள். விழுந்தது 31,000. எதிர்பார்த்ததில் இரண்டு மடங்குக்கும் மேல்! கிரிட் விழவில்லை. நீர்மின் நிலையங்களைத் தயாராக வைத்திருந்து 25 நிமிடத்தில் 17,000 மெகாவாட்டுக்கு மேல் இறக்கினார்கள், விளக்கு திரும்ப வரும்போது ஏற்றினார்கள். ஃப்ரீக்வென்சி 49.7-க்கும் 50.26-க்கும் நடுவே ஆடிவிட்டு உட்கார்ந்தது.

நான் "இறக்கினார்கள்" என்று சொன்னதைக் கவனித்தீர்களா வாத்தியாரே? உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எல்லோரும் மாலையில் வெயில் போன பிறகு எப்படி ஏறுவது என்று கேட்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வேர்ப்பது பகலில் எப்படி இறங்குவது என்பதில்தான்.

ஒரு நாள் கதை சொல்கிறேன். விடுமுறை நாள், ஆலைகள் மூடல். திடீரென்று நல்ல மழை, தேவை தடாலென்று விழுந்தது. காற்றோ பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. அனல் யூனிட் (நிலக்கரி நிலையத்தில் மின்சாரம் எடுக்கும் ஒரு தொகுதி) ஒவ்வொன்றையும் கூப்பிட்டு "பேக்டவுன், பேக்டவுன்" என்று குறைக்கச் சொல்லி, எல்லாம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. இன்னும் குறை என்றால் முடியாது என்கிறார்கள். பொய்யில்லை. நிலக்கரியைத் தூளாக்கி ஊதி எரிக்கும் அடுப்பு அது. ஓர் அளவுக்குக் கீழே போனால் தீ நிலையாக நிற்காது, எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டும். இரும்பு வேறு சூடாகிச் சூடாகி ஆறினால் விரிசல் விடும்.

சரி, ஒரு யூனிட்டை அடியோடு நிறுத்திவிடலாம் என்றால், நிறுத்தியது மாலை ஆறரைக்குத் திரும்ப வராது. ஆறிப்போன நிலக்கரி யூனிட்டை எழுப்புவது அரை நாள் வேலை. மாலையில் அது கட்டாயம் வேண்டும். மாலைக்கு வேண்டும் என்பதற்காகவே பகலில் ஓட வேண்டும். ஓடுவதால் பகலில் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கடைசியில் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னேன். சும்மா வந்த காற்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு நிலக்கரியை எரித்தேன். ஒரு காற்றாலைக்காரர் போனில் என்னைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். பதில் சொல்லத் தெரியவில்லை, அவர் பக்கம்தான் நியாயம்.

இப்போது உங்கள் எக்செலுக்கு ஒரு வீட்டுப்பாடம். இரவு முழுக்க அந்த 1,000-ஐயும் அனல் நிலையம் தருகிறது, பகலிலும் அது நிற்காமல் தன் குறைந்தபட்ச அளவில் ஓடியே ஆக வேண்டும் என்று ஒரு வரிசை சேர்த்துப் பாருங்கள். அந்தக் குறைந்தபட்சத்தை 55 விழுக்காடு, 40, 20 என்று மாற்றுங்கள். ஒரு யூனிட் வெயிலைக்கூட வீணாக்காமல், பேட்டரியும் இல்லாமல், எவ்வளவு சோலார் போட முடியும்?

---

சால்டரிங் எழுதுகிறார்:

இரவு ஷிப்ட் ஐயா மணிக்கணக்கைச் சொன்னார். நான் விநாடிக்கணக்கைச் சொல்கிறேன். சோலார் தகட்டின் நேர்மின்சாரத்தைக் கிரிட்டுக்கான மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதுவது என் பிழைப்பு.

ஆசிரியருக்கு இது பிடிக்கும்: நீராவி டர்பைனும் அதனோடு சேர்ந்த ரோட்டரும் நூற்றுக்கணக்கான டன் இரும்பு. சுற்றும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றலை மட்டும் எடுத்தால், அந்த நிலையத்தின் முழு உற்பத்தியை ஒரு சில விநாடிகள் தாங்கும். எங்காவது ஒரு பெரிய நிலையம் ட்ரிப் ஆனால், முதல் விநாடிகளில் கிரிட்டைக் காப்பாற்றுவது யாருடைய கட்டளையும் அல்ல, இந்த நிலைமம்தான். சோலாரில் சுற்றுவது எதுவும் இல்லை. நடுவில் இருப்பது எங்கள் இன்வெர்ட்டர். அது என்ன செய்யும்? எழுதியதைச் செய்யும். எழுதாததைச் செய்யாது.

எழுதியதே வினையான கதை ஜெர்மனியில் நடந்தது. பழைய விதி, ஃப்ரீக்வென்சி 50.2-ஐத் தொட்டால் வீட்டுக்கூரை சோலார் உடனே விலகிக்கொள்ள வேண்டும் என்றது. நாலைந்து வீட்டில் சோலார் இருந்த காலத்தில் போட்ட விதி. கூரைகள் லட்சக்கணக்கில் பெருகின. ஒரு நாள் 50.2 வந்தால் பல ஆயிரம் மெகாவாட் ஒரே நொடியில் கைவிடும் என்று பிறகுதான் உறைத்தது. 2012 முதல் ஆளை அனுப்பி இன்வெர்ட்டர் இன்வெர்ட்டராக மாற்றினார்கள். மாற்றியது மென்பொருளில் சில வரி. ஆனால் ஏறிய கூரைகள் எத்தனை!

2016 செப்டம்பர் 28, தெற்கு ஆஸ்திரேலியா. சூறாவளி மின்கோபுரங்களைச் சாய்த்தது. வோல்டேஜ் அடுத்தடுத்துப் பல முறை சரிந்தது. காற்றாலைகள் ஒவ்வொரு சரிவையும் தாங்கின, ஆனால் "இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் விலகு" என்று உள்ளே ஓர் எண் இருந்தது. எண்ணிக்கை நிறைந்ததும் 456 மெகாவாட் போய்விட்டது. பக்கத்து மாநில இணைப்பு பாரம் தாங்காமல் தானாகத் துண்டித்துக்கொண்டது, மாநிலமே இருண்டது. காற்றாலை வேண்டவே வேண்டாம் என்று அரசியல்வாதிகள் கிளம்பினார்கள். பொறியாளர்கள் அந்த எண்ணை மாற்றினார்கள்.

அடுத்த ஆண்டு இறுதியில் அதே மாநிலத்தில் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வந்தது. லித்தியம் நண்பர் கவனிக்க: அதில் சேமித்தது 129 மெகாவாட் மணிதான். ராத்திரியை ஓட்ட வந்ததில்லை அது. ஃப்ரீக்வென்சி ஆடும்போது கண் இமைப்பதற்குள் தாங்கிப் பிடிக்கத்தான் முக்கியமாகப் பயன்பட்டது. பேட்டரி என்ற ஒரே பெயரில் இரண்டு வேலை ஓடுகிறது, அதனால்தான் இந்தப் பேச்சில் குழப்பம்.

2025 ஏப்ரல் 28 ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோதும் முதல் பழி வெயில் மேல்தான் விழுந்தது. விசாரித்தால், வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறி, அதனால் நிலையங்கள் விலக, அதனால் வோல்டேஜ் இன்னும் ஏற, சரம் சரமாகப் போயிருக்கிறது. சோலார் இன்வெர்ட்டருக்கு வோல்டேஜை இழுத்துப் பிடிக்கும் வித்தை தெரியும். ஆனால் அந்த ஊர் விதி அப்போது அவற்றிடம் அந்த வேலையைக் கேட்கவில்லை. கேட்கப்பட்ட பழைய வகை நிலையங்களோ போதுமான அளவு செய்யவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கையில் கருவி இருந்தது, ஆனால் அதைத் தொட அனுமதியில்லாமல் இருந்தது.

இப்போது தானே வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் உருவாக்கிக் கிரிட்டை நடத்தும் இன்வெர்ட்டர்கள் வந்துவிட்டன. பழையவை கிரிட்டைப் பார்த்துப் பின்தொடர்பவை, பாட்டுக்குத் தாளம் போடுவது மாதிரி; பாட்டு நின்றால் தாளமும் நிற்கும். புதியவை தாமே பாடும். அயர்லாந்தில் ஒரு நேரத்தில் காற்றும் சோலாரும் இணைப்புக் கம்பி இறக்குமதியும் சேர்ந்து 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சோதித்து 2022-இல் 75 வரை அனுமதித்துவிட்டார்கள்.

---

சாக்பீஸ் எழுதுகிறார்:

வீட்டுப்பாடம் முடித்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன், ஏனென்றால் முதல் முறை நம்பவில்லை.

அனல் நிலையம் பகலில் முழுதாக நிற்கும் என்றால், வீணாக்காமல் போடக்கூடிய சோலார் நாளின் தேவையில் 32 விழுக்காடு. குறைந்தபட்சம் 20 என்றால் 25 விழுக்காடு. 40 என்றால் 19. 55 என்றால் வெறும் 14! ஒரு தகடுகூடக் கூட்டாமல், ஒரு பேட்டரிகூட வாங்காமல், நிலக்கரி யூனிட்டை 55-லிருந்து 20-க்கு இறங்கக் கற்றுக்கொடுத்தாலே சோலாருக்கான இடம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இதை ஏன் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை?

சால்டரிங் சார் சொன்ன ரோட்டர் கணக்கை நாளைக்கே வகுப்பில் போடப் போகிறேன். கோண உந்தம் எதற்கு சார் என்று கேட்பவர்களுக்கு இனி பதில் இருக்கிறது.

இன்னும் ஒரு சந்தேகம். விநாடி ஆயிற்று, மணி ஆயிற்று. பத்து நாள் தொடர்ந்து மேகமூட்டம், காற்றும் இல்லை என்றால்? அப்புறம், என் எக்செலில் தேவை வரிசை மட்டும் ஆணி அடித்த மாதிரி 1,000-இலேயே நிற்கிறது. அது மாறக்கூடாது என்று யார் சொன்னது?

---

இரவு ஷிப்ட் எழுதுகிறார்:

ஏன் போடுவதில்லை என்றால், அதில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. பழைய நிலையத்தில் பர்னரை மாற்றுவது, கட்டுப்பாட்டைத் திருத்துவது, ஆட்களைப் பழக்குவது. டென்மார்க்கில் நிலக்கரி நிலையங்களை இப்படித்தான் மிகக் கீழே வரை இறங்கப் பழக்கினார்கள். செலவு இல்லாமல் இல்லை. குறைந்த சுமையில் ஒரு யூனிட்டுக்கு எரியும் நிலக்கரி கூடும், பழுதும் கூடும். அதற்குப் பணம் கொடுக்காமல் "இறங்கு" என்று மட்டும் சொன்னால் நிலையத்துக்காரர் சாக்குச் சொல்வார். நானாக இருந்தாலும் சொல்வேன்.

பத்து நாள் கேள்வி கடினமானது. குளிர்காலத்தில் வெயிலும் காற்றும் ஒன்றாகப் படுத்துவிடும் நாட்களுக்கு ஜெர்மன்காரர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். டுங்கல்ஃப்ளவுட்டே. இன்று போடும் பேட்டரிகளில் பெரும்பாலானவை இரண்டு மணி, நான்கு மணி தாங்குபவை. பத்து நாளுக்கு இவற்றை வாங்கினால், வருடத்தில் சில தடவை மட்டும் வேலை செய்யும் சரக்குக்குக் காசு கொட்டுகிறோம். இந்த இடத்தில் லித்தியம் தம்பியோடு நான் ஒத்துப்போகவில்லை. மாலைக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன்.

நீண்ட நாளுக்கு நான் நம்புவது அணையையும் கம்பியையும். டென்மார்க் பாதிக்கு மேல் காற்றில் ஓடுகிறது. காற்று மிஞ்சும்போது கடலடிக் கம்பி வழியே நார்வேக்கு அனுப்புகிறது. நார்வே அந்த நேரம் தன் அணையைத் திறக்காமல் வைத்துக்கொள்கிறது. தண்ணீரை மேலே ஏற்றக்கூடத் தேவையில்லை வாத்தியாரே, கீழே விடாமல் இருந்தாலே சேமிப்பு! காற்று நின்றால் நார்வே அணையைத் திறக்கிறது. அணையும் இல்லை, அக்கம்பக்கமும் இல்லை என்றால், எப்போதாவது மட்டும் எழுப்பும் எரிவாயு நிலையம் சிலவற்றை வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா நிற்பதற்கும் அதற்குச் சம்பளம் தர வேண்டும்.

தேவை வரிசையை யார் ஆணி அடித்தது? நாங்கள்தான். எங்கள் தலைமுறைக்குத் தேவை என்பது மழை மாதிரி, வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அது பழக்கம், அவ்வளவுதான். பிரான்சில் அணுமின் இரவில் மிஞ்சியதால் வீட்டு வெந்நீர்த் தொட்டிகளை இரவுக்குத் தள்ளினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் நடுப்பகல் கட்டணத்தைக் குறைத்து வெந்நீரைப் பகலுக்கு இழுக்கிறார்கள். தொட்டி அதேதான், கடிகாரம்தான் மாறியது. குளிக்கிறவருக்கு எதுவும் தெரியாது.

உங்கள் 24,000-இல் பத்தில் ஒரு பங்கை, 2,400 யூனிட்டை, இரவிலிருந்து நண்பகலுக்கு நகர்த்துங்கள். நேரடியாகப் பயன்படுவது 45-லிருந்து 55 விழுக்காடாகும். சேமிக்க வேண்டியது 13,200-லிருந்து 10,800 ஆகும். தேவையில் பத்தில் ஒன்றை நகர்த்தினால் சேமிப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று மிச்சம்.

---

லித்தியம் எழுதுகிறார்:

"தம்பி" சரி, எனக்கு 52 ஆகிறது.

சாக்பீஸ் சார், உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. பேட்டரிக்குள் போட்ட யூனிட் அப்படியே திரும்பி வரும் என்று வைத்திருக்கிறீர்கள். நூறு போட்டால் 85 வரும் என்று வைத்துப் பாருங்கள்.

---

சாக்பீஸ் எழுதுகிறார்:

அடடா, ஆமாம். இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். உச்சி சுமார் 3,445-க்குப் போகிறது.

பை போயிற்று. மாணவியிடம் நாளைக்கு எந்த எண்ணை முதலில் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.